‘வேண்டாம்’ என்று யார் சொல்கிறார்கள்?

1

வட ஜெர்மனியில் நான் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில், போன வாரம் ஒரு பெண் அதிகாரி என்னிடம், “தயவுசெய்து தலையை ஆட்டாதீர்கள். ஆமாவா இல்லையா, வாயைத் திறந்து சொல்லுங்கள்” என்றார். பாஸ்போர்ட் மாறியதால் தங்கும் அட்டையையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய முகவரியில்தான் இருக்கிறீர்களா என்று அவர் கேட்டதற்கு, நான் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டியிருக்கிறேன். நமக்கு அது ‘ஆமாம்’. அவர் திரையில் இருந்ததோ இரண்டே பொத்தான்கள்.

அவர் குரலில் கோபமில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது ட்ராமில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பதினேழு வருடத்தில் ஜெர்மன் மொழியில் ‘நைன்’, அதாவது ‘இல்லை, முடியாது’ என்று சொல்ல நன்றாகவே பழகிவிட்டேன். கடையில் சொல்கிறேன், வேலையிடத்தில் சொல்கிறேன், வீட்டுக்காரம்மாவிடம்கூடச் சொல்கிறேன். தமிழில் யாரிடமாவது முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று எப்போது சொன்னேன் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. இந்த ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தபோது நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

நான் ஒரு கிராஃபிக் டிசைனர். ஆவடியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். இங்கே ஒரு சின்ன அலுவலகத்தில் புத்தக அட்டை, மருந்துப் பெட்டி, கண்காட்சி அழைப்பிதழ் என்று எது வந்தாலும் செய்கிறோம். சென்ற ஆண்டு கடைசியில் ஒரு மாணவர் அமைப்பு எங்களிடம் வந்தது. காதலிப்பவர்களாகவே இருந்தாலும் ஒருவர் உடலைத் தொட அவருடைய சம்மதம் வேண்டும் என்பதைப் புதிதாகச் சேரும் மாணவர்களுக்குச் சொல்லும் சுவரொட்டிகள் வேண்டுமாம்.

‘சம்மதம்’ என்பதற்கு ஜெர்மனில் ஒரு நீளமான சொல் உண்டு. முதல் கூட்டத்தில் அதன் முன்பாதியை விழுங்கிவிட்டேன். மிச்சமிருந்த சொல்லுக்கு அர்த்தம் ‘புரிதல்’. “மாணவர்கள் பாலுறவுக்கு முன் புரிதல் பெற வேண்டும்” என்று சொல்லி முடித்தபின்தான் தவறு உறைத்தது. எதிரே இருந்த மாணவி, “பரவாயில்லை, அதுவும் தேவைதான்” என்றாள்.

கடைசியில் நான் செய்து கொடுத்தது இது: வெள்ளைத் தாள் முழுக்கச் சிவப்பில் ‘நைன்’ என்ற ஒரே சொல். அதன் கீழே பொடி எழுத்தில், ‘இது ஒரு முழு வாக்கியம்’. அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. படத்தைப் பெருமையாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு விளக்கமும் எழுதினேன். தம்பி சேகர் ஒரு கட்டைவிரலை அனுப்பினான். அவன் மனைவி கலா, “கலர் நல்லா இருக்கு அண்ணி” என்று எழுதினாள். அதோடு குழு அமைதியாகிவிட்டது. அன்று சாயங்காலம் அவர்கள் மகள் நித்திலா எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்.

“அத்தை, நீங்க ஊருக்கு வரும்போது எங்க காலேஜுக்கு இந்த மாதிரி பண்ணித் தர முடியுமா?”

2

சேகர் பாரிவாக்கத்தில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறான். பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் புதுக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் இன்னும் விற்காத நிலத்தில் மேயும் எருமைகள். நித்திலா பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். நான் போய் இறங்கிய மறுநாளே மடிக்கணினியும் கையுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“திடீர்னு உனக்கு ஏன் இதுல ஆர்வம்?” என்று கேட்டேன்.

அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அவள் வகுப்பில் யாமினி என்று ஒரு பெண். ஆவடிக்காரி, அவள் அப்பாவும் தொழிற்சாலை ஊழியர். அதே வகுப்பில் ஒரு பையனோடு பழகிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முன்னால் அவனுடைய நண்பனின் அறைக்கு அவனோடு போயிருக்கிறாள். அங்கே என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வகுப்புக்கு வருவதே அரிதாகிவிட்டது. நித்திலாவிடம் மட்டும் ஒரு முறை, “எனக்கு அது வேணாம்னு இருந்துச்சுடி” என்று அழுதிருக்கிறாள். விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. வகுப்பில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு.

“என்ன பேச்சு?”

“‘அவளேதானே போனா?’ அவ்ளோதான் அத்தை. பசங்க மட்டும் இல்ல, பொண்ணுங்களும் அதையேதான் சொல்றாங்க. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல.”

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் எங்களுக்கு ‘வேண்டாம்’ சொல்ல யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அந்த இடத்தில் இருக்காதே என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள். ஆவடி ரயிலில் பெண்கள் பெட்டியில்தான் ஏற வேண்டும். தொழிற்சாலைச் சங்கு ஊதி ஆண்கள் சைக்கிளில் கூட்டமாக வெளியே வருகிற நேரத்தில் அந்தத் தெருவில் நிற்கக் கூடாது. யாராவது ஏதாவது சொன்னால் காது கேட்காதது போல நடக்க வேண்டும். போகாமல் இருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. போய்விட்டால் பிறகு என்ன செய்வது என்ற பாடம் எங்கள் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டிலும் நடக்கவில்லை.

3

இரண்டு நாளில் ஒரு மாதிரி செய்து காட்டினேன். அழகான தமிழ் எழுத்துரு, ‘சம்மதம் கேள், சம்மதம் பெறு’ என்ற வாசகம். நித்திலாவின் தோழிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

“அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. ‘பொண்ணுக்குச் சம்மதமா’ன்னு கேக்க வர்ற மாதிரி.”

அடுத்ததைக் காட்டினேன். ‘வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.’ என்னுடைய ஜெர்மன் சுவரொட்டியைத் தமிழில் பேச வைத்திருந்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நித்திலா கன்னத்தில் கை வைத்து யோசித்தாள்.

“இது கரெக்ட்தான். ஆனா யார் அத்தை ‘வேண்டாம்’னு சொல்றாங்க?”

“வேற என்ன சொல்லுவீங்க?”

“டைம் ஆச்சு, கெளம்பறேன்னு சொல்லுவோம்.”

“தல வலிக்குதுன்னு சொல்லுவோம்.”

“அம்மா கால் பண்ணிட்டே இருக்காங்கன்னு எடுத்துக் காட்டுவோம். அம்மா கால் பண்ணியே இருக்க மாட்டாங்க.”

“பாக்கலாம், யோசிச்சு சொல்றேன், யாராச்சும் வந்துடுவாங்க…”

“சும்மா சிரிப்போம் அத்தை. பயத்துல சிரிப்பு வரும்.”

ஒருத்தி சொல்ல ஒருத்தி தொடர, நான் தட்டச்சு செய்து மாளவில்லை. இத்தனை வாக்கியங்களும் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்காகவே உண்டானவை. நேராகச் சொன்னால் அவன் கோபப்படுவான், இல்லையென்றால் பாவம், வருத்தப்படுவான். திமிர் பிடித்தவள் என்று பெயர் வரும். அன்று மதியம் சாப்பாட்டில், “போதும் கலா” என்று நான் சொன்னபிறகும் கலா இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். நானும் பேசாமல் சாப்பிட்டேன். பக்கத்திலிருந்த நித்திலா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலைக்காக வைத்திருக்கும் தடுப்புகளின் மஞ்சளையும் கறுப்பையும் எடுத்துக்கொண்டேன். அங்கே எல்லா மாணவர்களும் தினமும் பார்க்கிற நிறம், பார்த்ததும் வண்டியை மெதுவாக்குகிற நிறம். ஒவ்வொரு சுவரொட்டியிலும் ஒரே ஒரு வாக்கியம், அவர்கள் பேசுகிறபடியே, தாள் நிறையத் தடித்த எழுத்தில். ‘டைம் ஆச்சு, கெளம்பறேன்.’ கீழே சிறியதாக, ‘இதுவும் வேணாம்தான். விட்டுடு.’

4

கல்லூரி முதல்வர் நித்திலாவையும் என்னையும் வெகுநேரம் காத்திருக்க வைத்துப் பிறகு உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஜெர்மனியில் குளிர் எப்படி என்றெல்லாம் விசாரித்தார். பிறகு சுவரொட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ‘தல வலிக்குது’ வந்ததும் நிறுத்தினார்.

“இது ஹெல்த் அவேர்னெஸ்தானே?”

நித்திலா விளக்கினாள். அவர் முகம் மாறியது. “நோக்கம் நல்லதுதாம்மா. ஆனா பேரன்ட்ஸ் வர்ற இடம். நம்ம காலேஜ்ல ஏதோ நடந்துடுச்சுன்னு நெனைப்பாங்க” என்றார். துறைத் தலைவர் கையெழுத்து, மாணவர் நலப் பொறுப்பாளர் கையெழுத்து எல்லாம் வாங்கிய பிறகு ஒரே ஓர் இடத்துக்கு அனுமதி கிடைத்தது: பெண்கள் கழிவறைக்குப் போகும் வழி.

வெளியே வந்ததும் நித்திலாவுக்கு அடக்க முடியவில்லை. “எங்களுக்குத்தான் தெரியுமே அத்தை! படிக்க வேண்டியவங்க அந்தப் பக்கமே வர மாட்டாங்களே!”

கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பையன்கள் மொய்க்கும் இடம். கடைக்காரர் பாபு சுவரொட்டியைக் கையில் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இன்னாமா இது, பிரச்சன கிரச்சன வந்துடாதே? நான் பொழப்பு பாத்துகினு கீறேன்.”

“வராதுண்ணா.”

“காலேஜுக்குள்ள ஒட்றதுக்கு இன்னாவாம்?”

“பொண்ணுங்க டாய்லெட் பக்கம்தான் ஒட்டணுமாம்.”

பாபு கடைக்கு வெளியே நின்ற பையன்கள் கூட்டத்தைப் பார்த்தார். சுவரொட்டியையும் பார்த்தார். “சரி, ஒட்டு. எவனாச்சும் கேட்டா நம்ம அக்கா ஃபாரின்லேர்ந்து குட்த்துதுன்னு சொல்லிக்கிறேன்” என்றார்.

முதல் நாள் கிண்டல்தான். ‘தல வலிக்குது’ பக்கத்தில் யாரோ ஒரு மாத்திரை அட்டையை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒன்றைக் கிழித்தார்கள், பாபு வேறு பிரதி எடுத்து ஒட்டினார். மூன்றாம் நாள் நானும் அங்கே இருந்தேன். ஒரு பையன் தன் நண்பனிடம் சத்தமாகச் சொன்னான்.

“மச்சான், டைம் ஆச்சுன்னு சொன்னா நெஜமாவே டைம் ஆயிருக்கலாம்ல?”

நித்திலா திரும்பினாள். “ஆயிருந்தாலும் விட்டுடத்தானே வேணும்?”

அவன் நண்பர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, “அப்ப நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டான். அதில் கேலி இல்லை.

“கேளு. ‘உனக்கு ஓகேவா’ன்னு கேளு.”

“கேட்டா அசிங்கமா இருக்காது?”

“கேக்காம விட்டாத்தான் அசிங்கம்.”

அன்று எனக்கு ஒரே சந்தோஷம். சுவரொட்டி வேலை செய்கிறது என்று சேகரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

5

ஜெர்மனிக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது, புதுப் பிரதிகள் எடுக்கத் தனியாக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வகுப்பு நேரம், கூட்டமில்லை. ஒரு பெண் மருத்துவச் சான்றிதழை நகலெடுக்க வந்தாள்.

“இன்னா யாமினி, ஆளையே காணோம்? ஒடம்பு சரியில்லியா?” என்றார் பாபு.

பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். ஒல்லியான பெண், தோளில் பெரிய பை. பாபு நகலெடுத்து முடித்த பிறகும் அவள் போகவில்லை. ஒவ்வொரு சுவரொட்டியாக, மெதுவாகப் படித்தாள். இது யார் செய்தது என்று கேட்டாள். பாபு என்னைக் காட்டினார்.

“நித்திலாவோட அத்தையா?” என்றாள். ஆமாம் என்றேன். இருவரும் வெளியே வந்து நிழலில் நின்றோம். எதிரே மெட்ரோத் தூணுக்குப் பக்கத்தில் கிரேன் ஒன்று ஓசையோடு திரும்பிக்கொண்டிருந்தது.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“ஒண்ணுமே சொல்லலன்னா?”

எனக்கு உடனே புரியவில்லை.

“இதுல எல்லாப் பொண்ணும் ஏதோ ஒண்ணு சொல்றா. டைம் ஆச்சுங்கறா, தல வலிக்குதுங்கறா. நான் ஒண்ணுமே சொல்லல. வாயே வரல ஆன்ட்டி. சுவத்தையே பாத்துட்டிருந்தேன். அப்போ நான் ஓகே சொன்ன மாதிரியா?”

“இல்லம்மா. கண்டிப்பா இல்ல.”

“அப்போ இதுல நான் எங்க இருக்கேன்?”

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, உண்மையாகவே இடம் தேடினாள். யாருக்காக இந்த வேலையைத் தொடங்கினோமோ அவளையே வெளியில் நிறுத்திவிட்டு நான் இத்தனை நாள் மகிழ்ந்துகொண்டிருந்தேன். அவள் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்து, பிடிக்கவில்லை. “நீ கேட்டது சரி. நான் அதை யோசிக்கவே இல்ல” என்று மட்டும் சொன்னேன். ஆவடி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கே உட்கார்ந்து புதிதாக ஒரு சுவரொட்டி செய்தேன், பழைய வாக்கியம் எதுவும் இல்லாமல். தாள் முழுக்க வெறும் மஞ்சள். அடியில் மட்டும் இரண்டே வரி: ‘அவ ஒண்ணும் சொல்லல. அதுக்கு சரின்னு அர்த்தம் இல்ல.’

பல வருடங்களில் நான் செய்ததில் இதுதான் சிறந்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. நித்திலாவிடம் காட்டினேன். அவள் மூலம் யாமினியிடம் கேட்டு, எண் வாங்கி, படத்தை அனுப்பினேன். “இது உன்னோட வார்த்தை. நீ சரின்னு சொன்னால்தான் அச்சுக்குப் போகும்” என்று எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது. “ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி. யோசிச்சு சொல்றேன்.”

நித்திலா துள்ளினாள். “நல்லா இருக்குன்னு சொல்லிட்டாளே! பேர் எதுவும் இல்லையே அத்தை. நீங்க கெளம்பறதுக்குள்ள ஒட்டிடலாம். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா.”

சொல்லி முடித்ததும் அவளே வாயை மூடிக்கொண்டாள்.

நானும் ஆசைப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ‘எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுப் பார்’ என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ‘இது உனக்கு மட்டுமில்ல, எல்லாப் பொண்ணுங்களுக்கும் உதவும்’ என்று ஒரு செய்தியைத் தட்டி, அனுப்பாமல் அழித்தேன். யாரை எதற்கு வற்புறுத்துகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ‘யோசிச்சு சொல்றேன்’ என்ற சுவரொட்டி பாபு கடைக் கண்ணாடியில் ஏற்கெனவே இருந்தது.

மஞ்சள் தாள் என் மடிக்கணினியிலேயே விமானம் ஏறியது.

6

திரும்பி வந்த பிறகு பழையபடி வேலை, பனி, ட்ராம். என் மகன் அருளுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பேசுவது குறைந்துகொண்டே வருகிறது. வீட்டில் என் கேள்விக்கு ஜெர்மனில்தான் பதில் சொல்வான். ஒருநாள் என் திரையில் அந்த மஞ்சள் சுவரொட்டிகளைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். படித்துக் காட்டினேன்.

“ஏன் நேரா நைன்னு சொல்லல?” என்றான், ஜெர்மனில்.

அதைச் சொல்வது எங்கள் ஊரில் அவ்வளவு சுலபமில்லை என்று என்னவோ விளக்க ஆரம்பித்தேன். அவன் குறுக்கிட்டான். அபூர்வமாக, தமிழில்.

“நீயும் அப்டித்தான் அம்மா. நைன் சொல்ல மாட்ட. ‘பாக்கலாம்’ சொல்லுவ. அது நைன்னு எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“உன் மூஞ்சி பாத்தா தெரியும்.”

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டான். என்னை விட்டு விலகிப் போகிறான் என்று நான் புலம்பிக்கொண்டிருந்த பிள்ளை, இத்தனை வருடமாக என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பதா விடுவதா என்று முடிவு செய்திருக்கிறான்.

ஏப்ரலில், வேலைக்குப் போகும் வழியில் யாமினியிடமிருந்து செய்தி வந்தது.

“ஆன்ட்டி, ஒட்டலாம். ஒரே ஒரு சேஞ்ச். ‘அவ’ வேணாம். ‘நான்’னு போடுங்க.”

ட்ராமிலிருந்து இறங்கிக் கூப்பிட்டேன்.

“யாமினி, ‘நான்’னு போட்டா யாருன்னு கேப்பாங்கம்மா.”

“கேக்கட்டும் ஆன்ட்டி.”

“வீட்ல?”

“அம்மாகிட்ட சொல்லிட்டேன். மொதல்ல ‘நீ ஏன் போன’ன்னுதான் கேட்டாங்க. ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அப்புறம் அவங்களே என்கூட காலேஜுக்கு வந்தாங்க. கமிட்டில கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுத்திருக்கோம்.”

“உனக்கு நிச்சயமா இது வேணுமா?”

“ஆமா ஆன்ட்டி. வேணும்.”

அந்தப் புகார் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. விசாரணை நடக்கிறது என்கிறார்கள். அந்தப் பையனின் வீட்டார் வந்து சத்தம் போட்டார்களாம். யாமினி வகுப்புக்குப் போகிறாள். அன்று அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக ‘அவ’ என்பதை எடுத்துவிட்டு ‘நான்’ என்று போட்டு அனுப்பினேன்.

ஒட்டிய அன்று நடந்ததை நித்திலா போனில் சொன்னாள். மற்ற தாள்களை எல்லாம் நகர்த்திவிட்டுக் கடைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டியிருக்கிறார் பாபு. இடைவேளையில் பையன்கள் வந்திருக்கிறார்கள். ஒருவன் வாய்விட்டுப் படித்தானாம்: ‘நான் ஒண்ணும் சொல்லல. அதுக்கு சரின்னு அர்த்தம் இல்ல.’ படித்துவிட்டு, “யாருண்ணா இந்த ‘நான்’?” என்று பாபுவைப் பார்த்துக் கேட்டிருக்கிறான்.

உள்ளே ப்ராஜெக்ட் அறிக்கையை நகலெடுக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்த யாமினி திரும்பினாளாம்.

“நான்தான்.”